மிஞ்சிய மருந்தும் ஒரு ஜெர்மன் நாவலும்

அன்புள்ள மகனுக்கு,

முதலில் ஒரு திருத்தம். ஜெர்மன் நாவல் ஒன்றின் தடியான ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்து எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக உன் சித்தப்பா விருதுநகரிலிருந்து சிவகாசி வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து, எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "மயினி இப்பம் ஜெர்மன்காரன் பேச்சத்தான் கேக்காக. அவென் வந்து நம்ம லைசென்சுல கையெழுத்துப் போடுவானான்னு கேட்டுச் சொல்லுங்கப்பா." பந்தியே சிரித்தது. பாயசம் ஊற்ற வந்தவரும் சிரித்தார். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசக் கூடாது என்று கான்வென்டில் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் அப்போது பேசவில்லை. இப்போது சொல்கிறேன். புத்தகத்தைப் படித்து நான் மாறவில்லை. மாறி ஒரு வருடம் கழித்துத்தான் அதைத் திறந்தேன். அதுவும் உன் புத்தகம். கல்லூரி முடித்த வருடம், என்னோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன அன்று நீ சாப்பாட்டு மேசையில் விட்டுச் சென்றது. என்னைப் போலவே மிகவும் தாமதமாக மாறிய ஒரு மனிதரை அதன் முன்னுரையில் பார்த்தேன், அவ்வளவுதான். அவரைப் பற்றியும் உன்னைப் பற்றியும் எனக்கு இருக்கும் பயத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை ஊரார் படிக்கும்படி அச்சில் போடுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அது தானாக வரும்.

உன் அப்பா இறந்த பிறகு நம் பட்டாசுக் கம்பெனியின் லைசென்சை உன் பெயருக்கு மாற்றச் சொன்னவள் நானே. இப்போது நீ பெங்களூரில் இருந்துகொண்டு, வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கும் நம் கம்பெனியை ரூம் ரூமாகப் பிரித்து ஒரு கான்ட்ராக்டருக்கு லீஸுக்கு விடப்போகிறாய். ஆவணி பிறந்ததும் வந்து கையெழுத்துப் போடுவாய். அந்த மனிதர் போன வாரமே ரூம்களைப் பார்க்க வந்துவிட்டார். நானும் காரை எடுத்துக்கொண்டு போனேன். ஏழாம் நம்பர் ரூமின் வாசலில் நின்று, கையால் காற்றில் அளந்து பார்த்து, "இதுல எட்டுப் பேரு தாராளமா உக்காரலாமே" என்றார். நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, கதவுக்கு மேல் பெயின்டில் எழுதியிருக்கிறது என்றேன். அவர் நிமிர்ந்து அதைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "மொதலாளியம்மா, சீசன்ல யாரு தலைய எண்ணிக்கிட்டு இருக்கா? ரூமு பத்தலன்னா வேப்பமரத்தடில பாய விரிச்சுக்கிடுவோம். நீங்க நிம்மதியா மகன் வீட்ல போயி இருங்க." உள்ளே நாலு பெண்கள் திரி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட நிமிரவில்லை. அந்த நாலு பேரில் ஒருத்தி சுப்பையாவின் மகள்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். "எல்லாரும் அப்படித்தான்மா பண்றாங்க. நாம மட்டும் தனியா என்ன செய்ய முடியும்?" என்றாய். பிறகு நான் இரண்டு முறை கூப்பிட்டும் நீ எடுக்கவில்லை. 'பாக்கலாம்மா' என்று செல்போனில் ஒற்றை வார்த்தை வந்தது. எல்லாரும் அப்படித்தான் என்ற வாக்கியம் எனக்கு மிகவும் பழக்கமானது. நீ கல்லூரி மாணவனாக இருந்தபோது அதை உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். என் வாக்கியத்தை நீ சொல்கிறாய், உன் வாக்கியங்களை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வழியில் எந்த இடத்தில் நாம் ஒருவரையொருவர் கடந்துபோனோம் என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

சுப்பையாவை உனக்கு நன்றாகத் தெரியும். நம்மிடம் பட்டாசு மருந்து கலக்கியவர், தாயில்பட்டிக்காரர். அவருடைய வலது கை போன கதையில் உனக்குத் தெரியாத பகுதி ஒன்று இருக்கிறது. நீ சந்தேகப்பட்டாய், நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்த ஐப்பசியில் உன் அப்பா மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தார், கம்பெனியை நான் பார்த்துக்கொண்டேன். அப்பாவிடம் கண்டிப்பான வழக்கம் ஒன்று உண்டு. சாயங்காலம் வேலை முடியும்போது கலந்த மருந்து எவ்வளவு மிஞ்சினாலும், தூரத்துக் குழிக்குக் கொண்டுபோய் அழித்துவிட வேண்டும். கலந்த மருந்து ஈரக்காற்றை இழுக்கும், உள்ளுக்குள்ளேயே சூடேறும், மறுநாள் காலையில் தொடும்போது பற்றிக்கொள்ளும் என்பார். எனக்கு அது வெறும் விரயமாகத் தோன்றியது. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் முழங்காலில் நிற்கவைத்த கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். சோப்புத் துண்டைக்கூடப் புதுச் சோப்பில் ஒட்டித் தேய்ப்பவள். உன் அப்பாவின் தாராளம் எனக்குப் பிடிக்காத பல விஷயங்களில் அதுவும் ஒன்று.

அன்று சாயங்காலம் தூறல் போட்டிருந்தது. சுப்பையா ஒரு தட்டு நிறைய மருந்தோடு வந்து நின்றார். "மொதலாளியம்மா, இது மிஞ்சிப்போச்சு. கொண்டுபோயி அழிச்சிரட்டா?" என்றார். "எதுக்கு? நல்ல மருந்துதானே. மூடி வை. காலையில முதல்ல இதை எடு" என்றேன். அவர் நகராமல் நின்றார். "மொதலாளி இருந்தா அழிச்சிருவாக" என்றார். "மொதலாளி இப்போ இல்ல, நான் இருக்கேன்" என்றேன். இவ்வளவுதான் பேச்சு. மறுநாள் காலை அவர் தொட்டதும் மருந்து பற்றிக்கொண்டது. ரூமில் அவர் மட்டும் இருந்தார், அதனால் அவரோடு போயிற்று. உயிர் தப்பினார். வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.

அந்த வருடம் நம் பட்டாசு முதலாளிகள் சங்கத்து ஆண்டு மலருக்கு விபத்துகளைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். நல்ல ஆங்கிலமும் நல்ல தமிழும் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான் என்று பெயர். எழுதினேன். நம் பகுதியின் விபத்துகளுக்குக் காரணம் தொழிலாளர்களின் கவனக்குறைவு. வானம் பார்த்த பூமியை விட்டு வந்தவர்களுக்கு ஒழுங்கு பழக நாளாகும். அதுவரை சட்டம் போடுபவர்களும் உரிமை பேசுபவர்களும் எங்கள் விஷயத்தில் தலையிடாமல் இருந்தால் போதும் என்று எழுதினேன். உதாரணத்துக்கு, பெயர் சொல்லாமல், சுப்பையாவைக் காட்டினேன். முந்தின நாள் மருந்தை அழிக்காமல் வைத்திருந்த ஒரு தொழிலாளி! கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு நீ கேட்டாய்: "அம்மா, மருந்த வைக்கச் சொன்னது யாரு?" உன்னைப் பெற்றவளைக் கூண்டில் ஏற்றுகிறாயா என்று கத்தினேன். அப்பா சம்பாதித்ததில் படித்துவிட்டு அப்பாவின் தொழிலையே பழிக்கிறாய் என்றேன். நீ பதிலுக்குக் கத்தவில்லை. "தமிழ் நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தாய், அன்றே வீட்டைவிட்டுப் போனாய். எனக்கு அந்த வார்த்தைதான் அதிகம் வலித்தது. மலர் வந்தது, பலரும் பாராட்டினார்கள். ஒரு பிரதியைக் கண்ணாடி அலமாரியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் நான் அசையவில்லை. சுப்பையாவுக்கு கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்திருந்தேன், அதை என் பெருந்தன்மை என்றே நினைத்திருந்தேன். பிறகு ஒரு நாள், பட்டாசுக் கம்பெனிக்காரர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து உட்கார வேண்டும் என்று கட்டாயப்படுத்தி, சிவகாசிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பாதுகாப்பு வகுப்பு நடத்தினார்கள். எங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி. வகுப்பு எடுத்த இளம் அதிகாரி சுப்பையாவின் கையைப் பார்த்துவிட்டு எழுந்து நிற்கச் சொன்னார். எப்படி ஆயிற்று என்று கேட்டார். முந்தின நாள் மருந்து என்றார் சுப்பையா. "வைக்கக் கூடாதுன்னு தெரியும்ல? பெறகு ஏன் வச்சீங்க?" சுப்பையா என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான் திரும்பியிருந்தேன், கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டோம். உடனே பார்வையை எடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்: "என்னுடைய கவனக்குறைவுதான் காரணம் சார்." அவர் மனைவி பொன்னுத்தாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அப்போது நம் கம்பெனியில்தான் வேலை. எழுந்திருக்காமலே சத்தமாகக் கேட்டாள்: "இம்புட்டு நல்ல தமிழு இவருக்கு எங்கன இருந்து வந்துச்சுன்னு கேளுங்க சார்." மண்டபம் சிரித்தது. நான் எழுதிய வார்த்தை அது. யாரோ அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். என்னைக் காப்பாற்ற அவர் அதை மனப்பாடம் செய்து வைத்திருந்திருக்கிறார்.

மறுவாரம் தாயில்பட்டிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அன்று மருந்தை வைக்கச் சொன்னது நான்தான் என்றேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எழுத மாட்டேன், அது முக்கியமில்லை. சுப்பையா பதறினார். "அதெல்லாம் முடிஞ்சு போன கததானம்மா, விடுங்க." பொன்னுத்தாய் விடவில்லை. "எங்கன முடிஞ்சுச்சு? இன்னைக்கும் சோத்தப் பிசைஞ்சு குடுக்கது நானு. எனக்கு முடியலயே" என்றாள். எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, அதே மூச்சில் சொன்னாள்: "எங்க வீட்ல வந்து சொன்னீக, நல்லது. ஊருக்கு எழுதுனத ஊருக்குத்தானம்மா மாத்தி எழுதணும்?" மாற்றி எழுதினேன். சங்கத்து மலருக்கு அனுப்பினேன். இடமில்லை என்றார்கள். அடுத்த வருடமும் அனுப்பினேன், அப்போதும் இடமில்லை. ஊரறியச் சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் திருத்தினால் போதாது என்பதால்தான், இந்தக் கடிதத்தை நானே அச்சடித்துக் கொடுக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் புத்தகத்தைத் திறந்தேன். கண்புரை அறுவைக்குப் பிறகு எதையாவது படித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பனிமலையில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரி. உறவுக்காரனைப் பார்த்துவிட்டு மூன்று வாரத்தில் திரும்பிவிடலாம் என்று வந்த ஒரு இளைஞன் ஏழு வருடம் அங்கேயே தங்கிவிடுகிறான். நாவலைவிட, அதை எழுதியவரின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. அவர் அதைச் சின்னதொரு வேடிக்கைக் கதையாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் முதல் உலகப்போர் வந்தது. கதையை மூடி வைத்துவிட்டு, போரை ஆதரித்து ஒரு பெரிய கட்டுரை நூல் எழுதினார். ஜனநாயகம் எங்கள் மண்ணுக்கு ஒட்டாது, எங்கள் பண்பாடு எங்களுக்குத் தெரியும், வெளியார் பாடம் சொல்ல வேண்டாம் என்பது அதன் சாரம். படித்தபோது எனக்கு முகம் சிவந்தது. அவர் போரைப் பற்றி எழுதியதும் நான் கம்பெனியைப் பற்றி எழுதியதும் ஒரே தோரணை. போரை எதிர்த்த சொந்த அண்ணனோடு, அவரும் எழுத்தாளர், பல வருடம் பேசாமல் இருந்தார். நாடு தோற்றது. தீவிரவாதிகள் ஒரு மந்திரியை நடுத்தெருவில் சுட்டுக் கொன்றார்கள். தன் பழைய வார்த்தைகளை யார் யார் பிடித்துக்கொண்டு எங்கே போகிறார்கள் என்று அவர் அப்போதுதான் முழுவதும் பார்த்தார். மாணவர்கள் நிறைந்த ஒரு கூட்டத்தில் எழுந்து, இந்தக் குடியரசு நம்முடையது, இதைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசினார். நேற்றுவரை அவரைக் கொண்டாடியவர்கள் எதிர்ப்பைக் காட்ட, அந்த ஊர் வழக்கப்படி, கால்களைத் தரையில் தேய்த்துச் சத்தம் போட்டார்கள். அவர் பேசி முடித்தார்.

அவர் அந்தப் பாதிக் கதையைக் கிழித்துப் போடவில்லை. ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அதை முடித்தபோது, அதற்குள் இரண்டு ஆசான்கள் வந்துவிட்டார்கள். இருவரும் அந்த இளைஞனின் மனதைத் தங்கள் பக்கம் இழுக்க ஓயாமல் வாதாடுகிறார்கள். அண்ணன் பேசியதையும் தான் அண்ணனைக் கேலி செய்ததையும் ஒரு ஆசானிடத்தில் வைத்தார். அதனால் அந்த மனிதர் நல்லவராகவும் இருக்கிறார், கொஞ்சம் சிரிப்புக்கிடமாகவும் இருக்கிறார். தன் பழைய கருத்துகளில் பலவற்றை இன்னொருவர் வாயில் கொடுத்தார், அந்த மனிதரோ கூர்மையானவர், பயங்கரமானவர். தன் பழைய குரலை எதிரில் உட்காரவைத்துப் பேசவிட்டு, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று கடைசிவரை கேட்டிருக்கிறார். நான் எழுதியதைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தேனே தவிர, ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பயங்கரமான ஆசான் பேசும் பக்கங்களின் ஓரத்தில் நீ பென்சிலால் 'அம்மா' என்று எழுதியிருக்கிறாய், மூன்று இடத்தில். முதல் இடத்தைப் பார்த்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். மூன்றாவது இடத்தில் சிரித்துவிட்டேன். நீ குறித்தது சரி.

ஆனால் மகனே, நீ கோடு போட்ட இன்னொரு இடம் இருக்கிறது. இளைஞன் தனியாகப் பனியில் வழி தவறுகிறான், சாவு பக்கத்தில் வருகிறது, அரை மயக்கத்தில் ஒரு கனவு காண்கிறான். எப்படி வாழ வேண்டும் என்று அவனுக்கு அங்கே முழுசாக விளங்கிவிடுகிறது. அந்தப் பக்கம் முழுவதும் உன் பென்சில் ஓடியிருக்கிறது. பிறகு அவன் தப்பித்து ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிறான், சூடான அறை, நல்ல சாப்பாடு. ராத்திரிச் சாப்பாடு முடிவதற்குள் கண்ட கனவு மங்கிவிடுகிறது. அந்த வரிக்கு நீ கோடு போடவில்லை. அங்கேதான் மதுரை பஸ் டிக்கெட்டை வைத்துவிட்டு நிறுத்தியிருக்கிறாய். அதற்கு மேல் பக்கங்களில் உன் பென்சிலே இல்லை. கடைசியில் அந்த இளைஞன் போர்க்களத்துச் சேற்றில் ஓடிக்கொண்டிருக்கிறான், பிழைப்பானா இல்லையா என்று ஆசிரியர் சொல்லவில்லை. நீ அதுவரை படிக்கவில்லை என்று நினைக்கிறேன். இருபத்திரண்டு வயதில் நீ கண்டது சரி. எனக்கு விளங்க ஒரு மனிதரின் கை போக வேண்டியிருந்தது, அதற்கு மேலும் பத்து வருடம் ஆயிற்று. உனக்கு எதுவும் போகாமலே விளங்கியிருந்தது. அது உன்னைவிட்டு எப்போது போயிற்று? பெங்களூர் வீட்டுக் கடனிலா, ஆபீஸிலா, அல்லது நான் உன்னைப் பார்த்து அன்று கத்திய கத்தலிலா? கடைசியாகச் சொன்னதுதான் காரணமோ என்ற நினைப்பில் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

அந்த எழுத்தாளரின் அண்ணன் ஒரு சமயம் சாகக் கிடந்தார். தம்பி பூக்கள் அனுப்பினார், ஒரு சில வரிகளும் எழுதி வைத்தார். அப்படித்தான் பேச்சு திரும்ப வந்தது. உனக்கு டைபாய்டு வந்தபோது நான் சித்தப்பாவிடம் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினேன், ஒரு வரி எழுதவில்லை. அப்பா இறந்தபோது நாம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். பந்தல்காரன், ஐயர், சாப்பாடு, இதையெல்லாம் பேசினோம். நீ மலரைப் பற்றிக் கேட்பாய் என்று பதினாறு நாளும் காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. நானாகச் சொல்லியிருக்கலாம். கௌரவம் பார்த்தேன். இப்போது சொல்கிறேன்: அன்று மருந்தை வைக்கச் சொன்னது நான். நீ கேட்ட கேள்விக்குப் பதில் அது.

லீஸுக்கு விட்டால் விபத்து நடந்தே தீரும் என்று நான் சாபம் போடவில்லை. நடக்காமலும் போகலாம். என் பயம் வேறு. நடந்தால், அன்றைக்கு எழுத ஒரு ஆள் தேவைப்படும். கவனக்குறைவு என்று அழகாக எழுதித் தரச் சொல்லி உன்னிடம் வருவார்கள், உனக்கும் நல்ல தமிழ் வரும். ஏழாம் நம்பர் ரூமில் இருக்கும் சுப்பையாவின் மகளுக்கு அவள் அம்மாவின் வாய் வாய்க்கவில்லை, அப்பாவின் குணம். அவளும் ஒப்பித்துவிடுவாள். கம்பெனியை நடத்த முடியவில்லை என்றால் மூடு, லைசென்சை ஒப்படைத்துவிடு. வேலைக்காரர்கள் எல்லோருக்கும் இன்னொரு கம்பெனியில் இடம் கேட்டு நானே படியேறுகிறேன். உன் சித்தப்பா சிரிக்கட்டும். நடத்துவதென்றால் நாமே நடத்துவோம். சாயங்காலம் குழிக்குப் போகும் தட்டை இன்றும் நான்தான் கூடவே போய்ப் பார்க்கிறேன். காலில் பலம் இருக்கும்வரை பார்ப்பேன். இரண்டில் எதைச் செய்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். நாலு பேர் ரூமில் எட்டுப் பேரை வைப்பவரிடம் உன் பெயரைக் கொடுக்காதே.

இதன் பிரதி உனக்கு ரிஜிஸ்டர் தபாலில் வருகிறது. என் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்றும், உன் புத்தகமும் அதில் இருக்கும். பஸ் டிக்கெட்டை வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். போனில் பேச வேண்டாம், போனில் நீயும் நானும் சுலபமாக நழுவிவிடுகிறோம். கையெழுத்துப் போடுவாயா மாட்டாயா என்பதை, காரணத்தோடு, உன் கைப்பட எழுதி, ஆவணி பிறப்பதற்குள் எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா